தாடை ஆபரேஷன்னா எதுக்கு க்ளிப்பும் சேர்த்துப் போடணும்?

கீழ்த்தாடை முன்னாடி நீட்டிட்டு இருக்கற பையனோ, சிரிச்சா பல்லோட ஈறும் நிறைய வெளிய தெரியற பொண்ணோ இருக்கற வீட்டுக்கு ரெண்டு அட்வைஸ் கண்டிப்பா வந்து சேர்ந்திருக்கும். ஒண்ணு, "க்ளிப் போட்டா தானா உள்ள போயிடும், எங்க அண்ணன் பொண்ணுக்கு போயிடுச்சே". இன்னொண்ணு, "க்ளிப்பெல்லாம் வேண்டாம், நேரா ஆபரேஷன் பண்ணிட்டா ஒரே நாள்ல முடிஞ்சிடும்". ரெண்டுலயும் கொஞ்சம் உண்மை இருக்கறதாலதான் ரெண்டையும் நம்பிடறாங்க. நான் பல் டாக்டர், முதல் அட்வைஸ நம்பி ரெண்டு வருஷம் க்ளிப் போட்டு, நல்ல பல்ல எடுத்து, பல்லு வரிசையா வந்தும் முகம் அப்படியே இருக்கேன்னு வந்து நிக்கறவங்கள பார்க்கறப்ப மனசுக்கு கஷ்டமா இருக்கும், ஏன்னா ஆரம்பத்துலயே யாராவது உக்கார வச்சு பொறுமையா விளக்கியிருந்தா அவங்க வேற முடிவு எடுத்திருப்பாங்க. அந்த விளக்கத்ததான் இங்க எழுதறேன். படிக்க பல் படிப்பு எதுவும் தேவையில்ல.

பல்லு வேற, தாடை வேற

தாடைங்கறது எலும்பு. மேல்தாடை மண்டையோட்டோட ஒட்டி இருக்கு, அது தனியா அசையாது. கீழ்த்தாடை தனி எலும்பு, காதுக்கு முன்னாடி ரெண்டு பக்கமும் இருக்கற மூட்டுல தொங்குது, வாயத் திறந்து மூடும்போது அசையறது அது மட்டும்தான். இந்த ரெண்டு எலும்புலயும் பல்லு நட்டு வச்சிருக்கு. வாய மூடுனா மேல்பல்லும் கீழ்ப்பல்லும் எப்படி பொருந்துதோ அதுக்கு பேரு கடி.

கடி சரியில்லன்னா காரணம் ரெண்டு இடத்துல இருக்கலாம். எலும்பு ரெண்டும் சரியான இடத்துல இருந்து பல்லு மட்டும் கோணலா, நெருக்கமா, தூக்கலா முளைச்சிருக்கலாம். இல்ல பல்லெல்லாம் ஓரளவு ஒழுங்கா இருந்து எலும்பே ஒண்ணு முன்னாடியோ பின்னாடியோ, நீளமாவோ குட்டையாவோ, ஒரு பக்கமா சாஞ்சோ வளர்ந்திருக்கலாம். நிறைய பேருக்கு ரெண்டும் கலந்தே இருக்கும்.

க்ளிப்பால என்ன முடியும்? பல்ல மெதுவா தள்ளும். தள்ளுற பக்கம் எலும்பு கொஞ்சம் கொஞ்சமா கரையும், பல்லு விட்டுட்டு வந்த பக்கம் புது எலும்பு வரும், இப்படித்தான் பல்லு இடம் மாறுது. ஆனா இது நடக்கறது பல்ல சுத்தி இருக்கற அந்த மெல்லிசான எலும்பு வரப்புக்குள்ள மட்டும்தான். அதத் தாண்டி தள்ளுனா வேர் வெளிய வந்துடும், ஈறு இறங்கிடும். வளர்ந்து முடிஞ்ச ஆளோட கீழ்த்தாடைய பின்னாடி கொண்டு போற வேலை எந்த க்ளிப்பாலயும் ஆகாது. அதே மாதிரி ஆபரேஷனால எலும்ப நகர்த்த முடியும், ஒரு வரிசைல இருக்கற 14 பல்லையும் ஒவ்வொண்ணா திருப்பி வரிசையா நிக்க வைக்க முடியாது.

டாக்டர் சீட்டுல கிளாஸ் 1, கிளாஸ் 2, கிளாஸ் 3னு எழுதியிருக்கறத பார்த்திருப்பீங்க. 1899ல எட்வர்ட் ஆங்கிள்னு ஒரு அமெரிக்க பல் டாக்டர் போட்டுக் கொடுத்த பிரிவு அது. மேல் கடவாய்ப்பல்லுக்கு கீழ் கடவாய்ப்பல்லு எங்க வந்து உக்காருதுன்னு பார்த்து பிரிச்சார். ரெண்டும் இருக்க வேண்டிய இடத்துல இருந்தா கிளாஸ் 1, கீழ்ப்பல்லு வரிசை பின்தங்கி இருந்தா கிளாஸ் 2, கீழ்ப்பல்லு வரிசை முன்னாடி வந்துட்டா கிளாஸ் 3. நோயோட தீவிரத்த சொல்ற நம்பர்னு நினைச்சு, கிளாஸ் 3ன்னா முத்திப் போச்சுன்னு பயந்துடறாங்க, அப்படியெல்லாம் எதுவும் இல்ல.

இந்த கட்டுரை முழுக்க கிளாஸ் 3ஐயே உதாரணமா வச்சுக்கறேன், தாடை ஆபரேஷனுக்கு வர்றவங்கள்ல இவங்க நிறைய. அதுலயும் ஒண்ணு கவனிக்கணும். "கீழ்த்தாடை நீளம்"னு எல்லாரும் சொல்ற முகத்துல பல நேரம் உண்மையான குறை மேல்தாடைல இருக்கும், அது போதுமான அளவு முன்னாடி வளராம நின்னுருக்கும், அதனால கீழ்த்தாடை பெருசா தெரியும். பிறக்கும்போதே அண்ணப்பிளவோட பிறந்து குழந்தைலயே தையல் போட்டவங்களுக்கு இது அடிக்கடி நடக்குது, அந்த தழும்பு மேல்தாடைய முழுசா வளர விடாது. எந்த தாடைய நகர்த்தணும்ங்கறத கண்ணால பார்த்து முடிவு பண்ண முடியாதுன்னு சொல்றது இதனாலதான்.

சுருக்கமா: பல்லு கோணல் ஒரு பிரச்சனை, எலும்பு கோணல் இன்னொரு பிரச்சனை. க்ளிப்பு பல்லுக்கு, ஆபரேஷன் எலும்புக்கு. ரெண்டும் சேர்ந்து இருக்கறவங்களுக்கு ரெண்டும் வேணும். இது வரைக்கும் ஈசி, குழப்பம் இனிமேதான்.

பல்லு பண்ற சமாளிப்பு

பல்லு வாய்க்குள்ள சும்மா நிக்கறதில்ல. உள்ள இருந்து நாக்கு தள்ளிட்டே இருக்கு, வெளிய இருந்து உதடும் கன்னமும் அழுத்திட்டே இருக்கு, இந்த ரெண்டு அழுத்தமும் சமமாகற இடத்துல பல்லு போய் நிக்கும். சரி, இப்ப எலும்பு தப்பா வளர்ந்துட்டு இருக்குன்னு வச்சுக்கோங்க. கீழ்த்தாடை வருஷா வருஷம் முன்னாடி போகுது. அதோட சேர்ந்து கீழ் உதடு முன்பல்ல பின்னாடி அழுத்துது, அதனால கீழ் முன்பல்லெல்லாம் நாக்கு பக்கமா உள்ள சாயுது. மேல் முன்பல்லு அதுக்கு எதிரா வெளிய சாயுது. யாரும் சொல்லிக் கொடுக்காமலே பல்லுங்க எலும்போட தப்ப மறைக்க பார்க்குது, எப்படியாவது ஒண்ண ஒண்ணு தொட்டு கடிக்க வழி தேடுது. இதுக்கு பேரு காம்பென்சேஷன். நாம சமாளிப்புன்னே வச்சுக்கலாம்.

கணக்கா பார்த்தா நல்லா புரியும். ஒரு பையனுக்கு மேல்தாடைக்கும் கீழ்த்தாடைக்கும் இருக்க வேண்டிய பொருத்தத்துல 9 மி.மீ. தப்பு இருக்குன்னு வச்சுக்கலாம். ஆனா பல்லெல்லாம் சாஞ்சு சமாளிச்சதால, பல்ல கடிக்க சொல்லி உதட்ட விலக்கி பார்த்தா கீழ்ப்பல்லு மேல்பல்ல விட 3 மி.மீ.தான் முன்னாடி இருக்கு. சாதாரணமா எல்லாருக்கும் மேல்பல்லு கீழ்ப்பல்ல விட ஒரு 2 மி.மீ. முன்னாடி இருக்கணும். இப்படியே க்ளிப் போடாம நேரா ஆபரேஷன் தியேட்டருக்கு கூட்டிட்டு போனா சர்ஜன் எவ்வளவு நகர்த்த முடியும்? 3ம் 2ம் சேர்த்து 5 மி.மீ.தான். அதுக்கு மேல நகர்த்துனா பல்லோட பொருத்தம் போயிடும். முகத்துக்கு தேவை 9, கிடைக்கறது 5. இவ்வளவு பெரிய ஆபரேஷன் பண்ணியும் பாதி தப்பு அப்படியே நிக்கும்.

வீட்டு வாசக்கால நினைச்சுப் பாருங்க. சுவர் இறங்கி வாசக்கால் ஒரு பக்கமா சாஞ்சு போச்சு. ஆசாரிய கூப்பிட்டா, அவர் கீல மேல கீழ மாத்தி, அடில கட்டை வச்சு, கதவ சாய்வாவே மாட்டி எப்படியோ மூடற மாதிரி பண்ணிட்டு போயிடறார். கதவு மூடுது, ஆனா வாசக்கால் இன்னும் சாஞ்சுதான் இருக்கு. சில வருஷம் கழிச்சு கொத்தனார் வந்து வாசக்கால நிமித்தறேன்னு சொன்னா, அந்த சாய்வா மாட்டுன கதவு குறுக்க நிக்கும், அத வச்சுட்டு முழுசா நிமித்தவே முடியாது. அதனால முதல்ல ஆசாரி வந்து கதவ தூக்குநூல் குண்டுக்கு நேரா மாட்டணும். அப்படி மாட்டுன உடனே என்ன ஆகும்? வாசக்கால் இன்னும் சாஞ்சிருக்கறதால கதவு முன்ன விட மோசமா இடிக்கும், மூடவே மூடாது. அந்த நிலைமைலதான் கொத்தனார் உள்ள வந்து வாசக்கால நிமித்துவார், அப்ப ரெண்டும் சேரும். ஆசாரி வேலைய செய்யறவர் ஆர்த்தோடான்டிஸ்ட், அதாவது க்ளிப் போடறதுக்குன்னே தனியா மேல்படிப்பு படிச்ச பல் டாக்டர். கொத்தனார் வேலை முகத்தாடை சர்ஜனோடது.

முதல் கட்டம்: முகம் இன்னும் மோசமா தெரியற மாசங்கள்

கதவ நேரா மாட்டற அந்த வேலைக்கு பேரு டீகாம்பென்சேஷன், அதாவது பல்லு பண்ணி வச்ச சமாளிப்ப எடுத்துட்டு, ஒவ்வொரு பல்லையும் அதோட சொந்த எலும்பு மேல நேரா நிக்க வைக்கறது. உள்ள சாஞ்ச கீழ்ப்பல்லு வெளிய வரும், வெளிய சாஞ்ச மேல்பல்லு உள்ள போகும். மேல சொன்ன பையனுக்கு 3 மி.மீ. முன்னாடி இருந்த கீழ்ப்பல்லு இப்ப 7 மி.மீ. முன்னாடி வந்து நிக்கும். அந்த 7 கூட 2 சேர்த்தா 9. இப்பதான் சர்ஜனுக்கு முழு இடமும் கிடைச்சிருக்கு.

ஆனா அந்த பையனுக்கு எப்படி இருக்கும்னு யோசிங்க. காசு கட்டி க்ளிப் போட்டு ஒரு வருஷம் ஆச்சு, கண்ணாடில பார்த்தா தாடை முன்ன விட நீட்டிட்டு இருக்கு, தோசைய முன்பல்லால பிய்க்க முடியல, 'ஸ' சொன்னா காத்து போகுது, வீட்டுக்கு வர்ற சொந்தக்காரங்க எல்லாம் "என்னடா இது, டாக்டர் கெடுத்துட்டாரா"ன்னு கேக்கறாங்க. இந்த இடத்துலதான் நிறைய பேர் நம்பிக்கை போய் ட்ரீட்மென்ட்ட பாதில விட்டுட்டு வேற டாக்டர் கிட்ட ஓடறாங்க. ஆபரேஷன் பிளான்ல இப்படி மோசமா தெரியறது வேலை ஒழுங்கா நடக்குதுங்கறதுக்கு அடையாளம். இத க்ளிப் ஒட்டறதுக்கு முன்னாடியே, அப்பா அம்மாவயும் பக்கத்துல உக்கார வச்சு சொல்லிடணும்னு நான் ரொம்ப உறுதியா நினைக்கறேன், நடுவுல சொன்னா அது சாக்கு சொல்ற மாதிரி கேக்கும்.

இந்த கட்டம் பொதுவா 12 முதல் 18 மாசம் ஆகும், சிலருக்கு ரெண்டு வருஷம் கூட ஆகுது. இதுல பல் நெருக்கத்த எடுக்கறது, மேல் வரிசையோட அகலமும் கீழ் வரிசையோட அகலமும் ஆபரேஷனுக்கு அப்புறம் பொருந்தற மாதிரி பண்றது எல்லாம் சேரும். கீழ்த்தாடைல ஆபரேஷன்னா, வெட்டு போற பாதையில ஞானப்பல் இருக்கும், அத பல டாக்டருங்க ஆறு மாசம் முன்னாடியே எடுத்துட சொல்லுவாங்க, எலும்பு ஆறி கெட்டியாகட்டும்னு.

பல் எடுக்கறத பத்தி தனியா சொல்லியே ஆகணும். தாடை வித்தியாசம் கம்மியா இருந்தா ஆபரேஷன் இல்லாம, பல்ல இன்னும் கொஞ்சம் சாய்ச்சு கடிய மட்டும் பொருத்திட்டு விட்டுடலாம். அதுக்கு பேரு கேமஃப்ளாஜ், தப்ப மறைக்கற ட்ரீட்மென்ட். அது தப்பான வழி கிடையாது, சரியான ஆளுக்கு ரொம்ப நல்ல வழி. ஆனா கேமஃப்ளாஜ் போற திசையும் ஆபரேஷன் பிளான் போற திசையும் நேர் எதிர். கீழ்த்தாடை பின்னாடி இருக்கற கிளாஸ் 2 ஆளுக்கு கேமஃப்ளாஜ்னா பொதுவா மேல ரெண்டு பல்ல எடுத்து மேல் முன்பல்ல உள்ள இழுப்பாங்க. அதே ஆளுக்கு ஆபரேஷன்னா, பல் எடுக்க வேண்டி வந்தா பெரும்பாலும் கீழ எடுத்து கீழ் முன்பல்ல உள்ள கொண்டு வருவாங்க. பாருங்க, அதே வாய், எடுக்கற பல்லே மாறுது. "முதல்ல க்ளிப் போட்டு பார்ப்போம், சரியாகலன்னா அப்புறம் ஆபரேஷன யோசிப்போம்"ங்கற பேச்சு ஆபத்தானதுன்னு நான் சொல்றதுக்கு இதுதான் காரணம். மேல பல்ல எடுத்து உள்ள இழுத்து முடிச்சுட்டு அப்புறம் ஆபரேஷனுக்கு வந்தா, மூடுன இடத்த திரும்ப திறக்கற வேலைல இருந்து ஆரம்பிக்கணும். எந்த ரோடுன்னு முதல் பல்ல எடுக்கறதுக்கு முன்னாடியே முடிவாகணும்.

சுருக்கமா: ஆபரேஷனுக்கு முன்னாடி போடற க்ளிப்பு கடிய சரி பண்றதுக்கு இல்ல, பல்லோட சமாளிப்ப கழட்டறதுக்கு. அதனால முகம் கொஞ்ச நாள் மோசமா தெரியும். இதே காரணத்தால சாதா க்ளிப் ட்ரீட்மென்ட்டையும் இதையும் நடுவுல மாத்திக்கறது கஷ்டம்.

எந்த வயசுல?

எலும்பு வளர்ந்து முடிஞ்சதுக்கு அப்புறம்தான். பொண்ணுங்களுக்கு பொதுவா 16, 17 வயசுக்கு மேல, பசங்களுக்கு 18, 19 தாண்டி. கீழ்த்தாடை நீளமா வளர்றவங்களுக்கு இன்னும் தள்ளிப் போகலாம், ஏன்னா முகத்துல கடைசியா வளர்ச்சிய நிறுத்தற எலும்பு அதுதான். அவசரப்பட்டு 15 வயசுல ஆபரேஷன் பண்ணுனா அதுக்கு அப்புறமும் தாடை வளர்ந்து பழைய இடத்துக்கே வந்துடற வாய்ப்பு இருக்கு. வயச மட்டும் பார்க்காம, பக்கவாட்டுல முகத்த எடுக்கற செஃபலோகிராம்னு ஒரு எக்ஸ்ரேய ஆறு மாசமோ ஒரு வருஷமோ இடைவெளி விட்டு எடுத்து, ஒண்ணு மேல ஒண்ணு வச்சு பார்ப்பாங்க. ரெண்டும் ஒரே மாதிரி இருந்தா வளர்ச்சி நின்னுடுச்சு. தலைய ஒரே நிலைல பிடிச்சு வச்சு இந்த எக்ஸ்ரே எடுக்கற முறைய 1931ல அமெரிக்கால பிராட்பென்ட்டும் ஜெர்மனில ஹோஃப்ராத்தும் தனித்தனியா வெளியிட்டாங்க, இன்னிக்கும் இந்த துறையே அது மேலதான் நிக்குது.

இத படிச்சுட்டு "அப்ப 18 வயசு வரைக்கும் டாக்டர் கிட்டயே போக வேண்டாம்"னு நினைச்சுடாதீங்க. வளர்ற வயசுல வளர்ச்சிய கொஞ்சம் திருப்பி விடற கருவிங்க இருக்கு. மேல்தாடை பின்தங்கி இருக்கற குழந்தைக்கு முகத்துக்கு வெளிய மாட்டி மேல்தாடைய முன்னாடி இழுக்கற ஃபேஸ் மாஸ்க், 8, 9 வயசுக்குள்ள ஆரம்பிச்சா நல்லா வேலை செய்யும். கீழ்த்தாடை பின்தங்கி இருக்கற குழந்தைக்கு ட்வின் பிளாக் மாதிரி மாட்டி கழட்டற கருவி, உயரம் வேகமா ஏறுற வயசுல. எல்லாருக்கும் இது ஆபரேஷன தவிர்த்துடும்னு சொல்ல மாட்டேன், ஆனா சிலருக்கு தவிர்க்கும். கிளாஸ் 3 குழந்தைய ஏழு வயசுல ஒரு தடவ காட்டிடுங்க.

ஆபரேஷன் அன்னிக்கு என்ன நடக்குது

பிளானிங்ல இப்ப பெரும்பாலும் சி.டி. ஸ்கேனும் பல்லோட ஸ்கேனும் எடுத்து கம்ப்யூட்டர்லயே எலும்ப நகர்த்தி பார்த்துடறாங்க, சில இடத்துல இன்னும் பிளாஸ்டர்ல எடுத்த பல் அச்ச அறுத்து ஒட்டி பார்க்கறாங்க. எப்படி பண்ணுனாலும் கடைசில கைல வர்றது ஸ்பிளின்ட், பல் பதியற குழியோட ஒரு சின்ன பிளாஸ்டிக் தகடு. வெட்டுன எலும்ப எந்த இடத்துல நிறுத்தணும்னு ஆபரேஷன் மேஜைல சர்ஜனுக்கு காட்டறது அதுதான்.

முழு மயக்கம் கொடுப்பாங்க. சுவாசக் குழாய வாய் வழியா போடாம மூக்கு வழியா போடுவாங்க, ஏன்னா நடுவுல பல்ல மூடி கடி சரியா வருதான்னு பார்க்கணும். கத்தி படறதெல்லாம் வாய்க்குள்ள, ஈறுக்கும் உதட்டுக்கும் கன்னத்துக்கும் நடுவுல. அதனால முகத்துக்கு வெளிய தழும்பு பொதுவா இருக்காது, சில சமயம் திருகு போடறதுக்கு கன்னத்துல ஒரு சின்ன துளை மட்டும் போடுவாங்க. ரெண்டு தாடைக்கும் சேர்த்துன்னா சுமார் 3 முதல் 5 மணி நேரம்.

மேல்தாடைக்கு பண்றதுக்கு பேரு லெ ஃபோர்ட் 1. ரெனே லெ ஃபோர்ட்ங்கற பிரெஞ்சு சர்ஜன், முகத்துல அடிபட்டா எலும்பு எந்தெந்த கோட்டுல உடையுதுன்னு இறந்தவங்க உடல்ல ஆராஞ்சு 1901ல எழுதுனார். அதுல முதல் கோடு, பல் வேர்களுக்கு மேல, மூக்கோட அடிப்பக்கமா குறுக்க போறது. அதே கோட்டுல சர்ஜன் அறுத்து, பல் வரிசையும் அண்ணமும் சேர்ந்த மேல்தாடைய தனியா விடுவிச்சு, தேவையான இடத்துக்கு கொண்டு போவார். கேக்கவே பயமா இருக்கும், முழுசா அறுத்துட்டா அந்த எலும்பு செத்துடாதான்னு கேப்பாங்க. நியாயமான கேள்வி, சர்ஜன்களுக்கே அந்த பயம் ரொம்ப நாள் இருந்துச்சு. வில்லியம் பெல்ங்கற அமெரிக்க சர்ஜன் 1960கள் கடைசிலயும் 70கள்லயும் குரங்குகள்ல பண்ணுன ஆராய்ச்சில, எலும்ப முழுசா அறுத்தாலும் அண்ணத்து பக்கம் இருக்கற சதையும் ஈறும் ஒட்டிட்டு இருந்தா அது வழியாவே போதுமான ரத்தம் வந்துடுதுன்னு காட்டுனார். அதுக்கு அப்புறம்தான் இந்த ஆபரேஷன் தைரியமா பரவுச்சு.

கீழ்த்தாடைக்கு பண்றது சாஜிட்டல் ஸ்ப்ளிட். கடவாய்ப்பல்லுக்கு பின்னாடி, ரெண்டு பக்கமும், தாடை எலும்ப உள் தகடு வெளித் தகடுன்னு ரெண்டா பிளப்பாங்க. ட்ராவ்னரும் ஒப்வெகெசரும் 1957ல விவரிச்ச முறை இது. நேரா குறுக்க அறுத்தா ரெண்டு முனையும் விலகி நடுவுல இடைவெளி விழும், இப்படி தகடா பிளந்தா பல்லு இருக்கற பாகத்த முன்னாடி பின்னாடி நகர்த்துனாலும் எலும்பு மேல எலும்பு படிஞ்சே இருக்கும், அதனால நல்லா ஒட்டும். மோவாய் மட்டும் தனியா சின்னதாவோ பெருசாவோ இருந்தா அத தனியா அறுத்து நகர்த்தற ஜெனியோபிளாஸ்டியையும் கூடவே சேர்த்துக்கலாம்.

நகர்த்துன எலும்ப டைட்டானியம் தகடும் திருகும் வச்சு பிடிக்க வைப்பாங்க. தொந்தரவு இல்லன்னா அது உள்ளயே இருக்கலாம், எடுக்க வேண்டியதில்ல. இந்த தகடெல்லாம் வர்றதுக்கு முன்னாடி வாயவே கம்பியால ஆறு வாரத்துக்கு மேல கட்டிப் போட்டுடுவாங்க. அந்த காலத்து கதைய கேட்டுட்டு வந்து இன்னிக்கும் நிறைய பேர் பயப்படறாங்க. இப்ப பெரும்பாலும் க்ளிப்புல ரப்பர் மாட்டி வழிகாட்டறதோட சரி.

இங்க க்ளிப்போட இன்னொரு உபயோகம் தெரியும். பல்லுல ஒட்டியிருக்கற அந்த கெட்டிக் கம்பிலதான் கொக்கி மாட்டுவாங்க, ஆபரேஷன் நடுவுல மேல்தாடையையும் கீழ்த்தாடையையும் ஸ்பிளின்ட்டோட சேர்த்து கட்டறது அந்த கொக்கிலதான், அப்புறம் ரப்பர் மாட்டறதும் அதுலதான். ஆபரேஷனுக்கு முன்னாடி க்ளிப்ப கழட்டிடுங்கன்னு கேக்கறவங்களுக்கு முடியாதுன்னு சொல்றதுக்கு காரணம் இது.

ஆபரேஷனுக்கு அப்புறம்

பொதுவா ரெண்டு நாள்ல இருந்து நாலு நாள் ஆஸ்பத்திரி. வீக்கம் ரெண்டாவது மூணாவது நாள் உச்சத்துக்கு போகும், அன்னிக்கு கண்ணாடி பார்க்காதீங்க, அது உங்க புது முகம் கிடையாது. மூணு வாரத்துல பெரும்பகுதி வடிஞ்சிடும், மிச்சம் வடிய மாசக்கணக்கு ஆகும். முதல்ல தண்ணி மாதிரி சாப்பாடு, அப்புறம் மெல்ல வேண்டாத சாப்பாடு, சுமார் ஆறு வாரம் வரைக்கும். நம்ம சமையல்ல இதுக்கு வழி நிறைய இருக்கு, கேழ்வரகு கூழ், மோர், பருப்பு ரசம் விட்டு மிக்ஸில அடிச்ச சாதம், நல்லா குழைச்ச பொங்கல். எடை குறையும், அதனால முட்டை, பால், பருப்புன்னு புரதம் உள்ள போறத வீட்டுல யாராவது கணக்கு வச்சு பார்க்கணும். மேல்தாடை ஆபரேஷன்னா கொஞ்ச வாரத்துக்கு மூக்க பலமா சிந்தக் கூடாது. சிகரெட் பிடிக்கறவங்க ஆபரேஷனுக்கு முன்னாடியே நிறுத்திடணும், எலும்பு ஒட்டறத அது நேரா கெடுக்கும்.

ஒளிக்காம சொல்ல வேண்டியது மரமரப்ப பத்தி. கீழ்த்தாடை எலும்புக்கு உள்ளயே ஒரு நரம்பு ஓடுது, கீழ் உதட்டுக்கும் மோவாய்க்கும் தொடு உணர்ச்சி கொடுக்கறது அதுதான், எலும்ப பிளக்கற இடம் அதுக்கு ரொம்ப பக்கம். அதனால ஆபரேஷன் முடிஞ்ச உடனே கீழ் உதடு மரத்துப் போறது மிக சகஜம். பெரும்பாலானவங்களுக்கு வாரங்கள்லயோ மாசங்கள்லயோ திரும்ப வந்துடும், சிலருக்கு ஒரு பகுதில கொஞ்சம் மரமரப்பு நிரந்தரமா தங்கிடும், வயசு கூடக் கூட அந்த வாய்ப்பு கூடும். ஆனா அது உணர்ச்சி நரம்பு மட்டும், உதட்ட அசைக்கற நரம்பு வேற பாதைல வருது, அதனால வாய் கோணிக்கும்னு பயப்படறது வேற விஷயத்தோட கலந்த பயம். இது போக ரத்தப்போக்கு, தொற்று, நகர்த்துன தாடை கொஞ்சம் பழைய இடம் நோக்கி திரும்பறது, இதெல்லாமும் இருக்கு. கையெழுத்து போடற தாள்ல இதெல்லாம் இருக்கும், படிக்காம போடாதீங்க.

நாலு முதல் ஆறு வாரம் கழிச்சு திரும்ப ஆர்த்தோடான்டிஸ்ட் கிட்ட போகணும். எலும்பு இடத்துக்கு வந்தாச்சு, இப்ப பல்லுக்கு பல்லு கடைசி பொருத்தம் மட்டும் பாக்கி. இதுக்கு சுமார் ஆறு மாசம். எலும்ப அறுத்ததும் உடம்பு அந்த பகுதிய சரி பண்றதுக்காக எலும்ப கரைச்சு கட்டற வேலைய முடுக்கி விடும், அதனால இந்த மாசங்கள்ல பல்லு வழக்கத்த விட வேகமா நகரும். அதுக்கு அப்புறம் க்ளிப்ப கழட்டிட்டு ரிடெய்னர், பல்லு திரும்ப நகராம பிடிச்சு வைக்கறது.

சுருக்கமா: முன்னாடி க்ளிப் ஒரு வருஷத்துக்கு மேல, ஆபரேஷன் ஒரு நாள், பின்னாடி க்ளிப் ஒரு ஆறு மாசம். மொத்தம் ஒண்ணரை வருஷத்துல இருந்து ரெண்டரை வருஷம். "ஒரே நாள்ல முடிஞ்சிடும்"ங்கறதுல அந்த ஒரு நாள் மட்டும்தான் உண்மை.

முதல்லயே ஆபரேஷன் பண்ற முறை இருக்காமே?

இருக்கு. சர்ஜரி ஃபர்ஸ்ட்னு பேரு, 2009ல ஜப்பான் டாக்டருங்க ஒரு கிளாஸ் 3 கேஸ இப்படி பண்ணி எழுதுனதுக்கு அப்புறம் கொரியா, தைவான்னு வேகமா பரவுச்சு. முகம் முதல்லயே சரியாயிடும், மோசமா தெரியற மாசங்கள் கிடையாது, நான் மேல சொன்ன அந்த வேகமான பல் நகர்வும் முழுசா கிடைக்குது. ஆனா பல்லு பின்னாடி எங்க போய் நிக்கும்னு முன்கூட்டியே கணிச்சு எலும்ப வைக்கணும், ஆபரேஷன் முடிஞ்ச உடனே கடி நிலையா இருக்காது. பல் நெருக்கம் கம்மியா, சமாளிப்பு கம்மியா இருக்கறவங்களுக்கு இது பொருந்தும். இதுலயும் க்ளிப்பு இல்லாம போறதில்ல, வரிசைதான் மாறுது. க்ளிப்புக்கு பதிலா அலைனர், அதாவது பல்லு மேல கழட்டி மாட்டற தெளிவான பிளாஸ்டிக் உறை வச்சும் சிலருக்கு பண்றாங்க, அப்பவும் ஆபரேஷனுக்கு கொக்கியோ திருகோ மாட்ட வேற ஏற்பாடு வேணும்.

"அழகுக்குதானே இதெல்லாம்"

இந்த வார்த்தைய கேட்டா எனக்கு கோவம் வரும். முன்பல்லு மூடவே மூடாம கேரட் கடிக்க முடியாதவங்க, உதடு சேராம வாய் வழியாவே மூச்சு விட்டு ஈறு கெட்டுப் போனவங்க, தாடை பின்னாடி இருக்கறதால தூங்கறப்ப மூச்சுக்குழாய் அடைச்சு எழுந்து எழுந்து உக்கார்றவங்க, இவங்களுக்கெல்லாம் இது உடம்பு சம்பந்தப்பட்ட வைத்தியம். தூக்கத்துல மூச்சு அடைக்கற நோய்க்கு ரெண்டு தாடையையும் முன்னாடி கொண்டு வர்றது ஒரு அங்கீகரிக்கப்பட்ட ஆபரேஷன். சரி, ஒருத்தருக்கு அதெல்லாம் எதுவும் இல்ல, ஸ்கூல்ல இருந்தே முகத்த வச்சு கிண்டல் வாங்கி போட்டோ எடுக்கவே ஒதுங்கி நிக்கறாங்க, அது மட்டும்தான் காரணம்னா கூட, அத சின்ன காரணம்னு சொல்ற உரிமை அடுத்தவங்களுக்கு கிடையாது.

ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி

க்ளிப் ஒட்டறதுக்கு முன்னாடியே ஆர்த்தோடான்டிஸ்ட்டும் சர்ஜனும் ரெண்டு பேரும் உங்கள பார்த்திருக்கணும், முடிஞ்சா ஒரே நேரத்துல ஒரே மேஜைல. பல் மருத்துவக் கல்லூரிகள்ல ரெண்டு டிபார்ட்மென்ட்டும் ஒரே வளாகத்துல இருக்கறதால இது சுலபம். செலவு கஷ்டமா இருந்தா 1953ல ஆரம்பிச்ச சென்னை அரசு பல் மருத்துவக் கல்லூரி மாதிரி அரசு கல்லூரில போய் கேளுங்க, காத்திருக்க வேண்டியிருக்கும், ஆனா சொல்லிக் கொடுக்கற டாக்டருங்களே கேஸ பார்ப்பாங்க. கேக்க வேண்டிய கேள்வி: என் பிரச்சனை பல்லா எலும்பா, எந்த தாடை, ஆபரேஷன் இல்லாம விட்டா என்ன ஆகும், கேமஃப்ளாஜ் பண்ணுனா எவ்வளவு தூரம் வரும், எந்த பல்ல எடுப்பீங்க, ஏன்.

பணத்தையும் அப்பவே பேசிடுங்க, க்ளிப்புக்கு மட்டும் இல்லாம ஆபரேஷன், மயக்க மருந்து, தகடு, ஆஸ்பத்திரி எல்லாத்துக்கும் சேர்த்து. முதல் கட்டம் முடிஞ்சு, பல்லெல்லாம் சமாளிப்ப விட்டு நேரா நின்னு, கடி முன்ன விட மோசமா இருக்கற நேரத்துல ஆபரேஷனுக்கு காசு இல்லன்னு நின்னுட்டா, அந்த ஆள் ஆரம்பிச்சப்ப இருந்தத விட கஷ்டமான நிலைமைல மாட்டிப்பார். ஆபரேஷன் பண்ணிக்கறேன்னு மனசும், அதுக்கான பணமும் ரெண்டும் உறுதியாகாத வரைக்கும் முதல் கட்ட க்ளிப்ப ஒட்ட சொல்லாதீங்க.